எனக்குக் கேமரா தேவையில்லை

எங்கள் வீட்டில் கரண்டில் ஓடும் எந்தப் பொருளை வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. போன வருடம் மிக்ஸி வாங்கப் போனபோது என் மனைவி என்னைக் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். (டீக்கு மட்டும் காசு கொடுத்தாள். பஜ்ஜிக்குக் கொடுக்கவில்லை.) எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் நான் வாங்கிய லேப்டாப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட எந்தப் பெண்ணும் இதைத்தான் செய்வாள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் மேஜையில் வேலை. வேலூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். செலக்‌ஷன் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பதனிட்டு வந்த தோலை ஒவ்வொன்றாக விரித்து, தடவி, மடித்து, திருப்பி, முள் கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாலே அந்த ஆடு எந்த ஊர் வேலியில் உரசியது என்றுகூட என்னால் சொல்ல முடியும் என்று நான் நம்பியிருந்தேன். கம்பெனியில் வேறு யாரும் அப்படி நம்பவில்லை.

சில சமயம் எங்களைத் தோல் மண்டிக்குக் கொள்முதலுக்கும் அனுப்புவார்கள். அங்கே ஒரு விதி உண்டு. எந்தத் தோல் பிடித்திருக்கிறதோ அதைப் பார்த்து முகம் மலரக் கூடாது. உடனே குறை சொல்ல ஆரம்பிக்க வேண்டும். ஓட்டை இருக்கிறது, ஓரம் போய்விட்டது, உப்பு ஜாஸ்தி, கனம் கம்மி. எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு குறை. பிடிக்காத தோலை மட்டும் "ரொம்ப நல்லாருக்கு பாய்" என்று புகழ்ந்துவிட்டு, அவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். இந்த விதியை நான் வீட்டில் சாப்பிடும்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது விளக்குவேன். அம்மா தலையாட்டுவார். தங்கை பியூலா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "தெரியும்ணா, போன வாரம்தான் சொன்ன" என்பாள்.

பியூலா குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அவளுக்கு அப்போது இருபத்தேழு முடிந்திருந்தது. அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகவே தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் நான் ஏற்கெனவே மூன்று முறை தோற்றிருந்தேன். மூன்று வீட்டாரும் வந்தார்கள். வீடு நல்லாருக்கு என்றார்கள், பொண்ணு நல்லாருக்கு என்றார்கள், கேசரி ரொம்ப நல்லாருக்கு என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு அவர்கள் போனையே எடுக்கவில்லை.

நான்காவதாக வந்ததுதான் நெல்சனின் சம்பந்தம். பையன் அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா அம்மா வாலாஜாபேட்டையில். கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு கிடைக்கும். அதற்குள் பெண்ணை முடிவு செய்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். எங்களைத் தவிர இன்னும் இரண்டு பெண்களின் போட்டோவும் அவர்கள் கையில் இருந்தது. "நாங்க ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்கறோம். பையன் அதே நேரத்துல கேமராவுல பாக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார்கள்.

பியூலா வழக்கமாக மாப்பிள்ளை போட்டோ வந்தால் பிரிட்ஜ் மேல் போட்டுவிடுவாள். அது அங்கிருந்து பின்னால் விழுந்துவிடும். இந்தப் போட்டோவைக் காணோமே என்று தேடினால், அவளுடைய சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. கல்யாணப் பாட்டுகள் இருக்கும் பக்கத்தில். அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இந்த இடத்தைக் கோட்டை விட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

"நெட் சென்டர்ல போய் ஊரே பாக்க பொண்ணு காட்ட முடியுமா? ஒரு லேப்டாப் வாங்கிடு சாமு" என்றார் அம்மா. "நீதான் செலக்‌ஷன்ல இருக்கியே, பாத்து எடுக்க மாட்டியா? ஆனா எதுக்கு வாங்கறேன்னு யாருகிட்டயும் மூச்சு விடாத. முடிவாகறதுக்கு முன்னாடி சொல்லிச் சொல்லித்தான் மூணும் போச்சு."

துணைக்கு நசீரைக் கூட்டிக்கொண்டு போனேன். நசீர் என் மேஜையிலேயே வேலை செய்பவன், என் தோஸ்த். அவனிடமும் காரணம் சொல்லவில்லை. அவனுக்கும் என்னைப் போலவே கம்ப்யூட்டர் என்றால் கம்பெனி ஆபீஸில் ஏசி போட்டு வைத்திருக்கும் ஒரு பெட்டி. ஆனால் கட்டைவிரல் இருக்கிறதே!

கடையில் எம்.சி.ஏ. படித்த ஒரு பெண் எங்களுக்கு ஆறு லேப்டாப்புகளை வரிசையாக எடுத்து வைத்தார். ராம் என்றார், ஹார்ட் டிஸ்க் என்றார், பிராசஸர் என்றார். நான் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றின் மூடியையும் கட்டைவிரலால் தடவினேன். ஓரத்தைப் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தேன்.

"சார், சார், வளைக்காதீங்க, ஸ்கிரீன் போய்டும்!"

நசீர் இன்னொன்றைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். பிறகு கீபோர்டை மோந்து பார்த்தான். "சாமு, இது பரவால்ல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னான். முகத்தைச் சுளித்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. கறுப்பு, மெத்தென்ற மூடி, ஒரு கீறல் கிடையாது. மேலே நடுவில் பொட்டு மாதிரி ஒரு கேமரா.

"நீங்க எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். இதைவிடச் சரியான கேள்வியை அதன் பிறகு என் வாழ்க்கையில் யாருமே கேட்கவில்லை.

"பொதுவா" என்றேன்.

"பொதுவான்னா? மெயிலா, டைப்பிங்கா? வெளிநாட்டுல யாராச்சும் இருக்காங்களா, வீடியோ கால் பேசுவீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பக்கம் அம்மாவின் எச்சரிக்கை. இன்னொரு பக்கம் மண்டி விதி. எது வேண்டுமோ அதைத்தானே குறை சொல்ல வேண்டும்? நான் அந்தக் கேமராவை ஏதோ உண்ணிக் கடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"வீடியோவா? எனக்கு யாரு இருக்காங்க வீடியோல பேச? மூடி நல்லா இருந்திருக்கும், நடுவுல இந்தக் கேமராவ வெச்சு கெடுத்து வெச்சிருக்காங்க. எனக்குக் கேமரா தேவையில்லை. அதுக்கு எவ்ளோ கம்மி பண்ணுவீங்க?"

நசீர் என்னைப் பெருமையோடு பார்த்தான்.

"கேமராவ தனியா கழட்ட முடியாது சார்" என்றார் அந்தப் பெண் பொறுமையாக. "ஆனா விலை கம்மியா வேணும்னா இதே மாடல்ல விண்டோஸ் இல்லாம இருக்கு. லினக்ஸ் போட்டுத் தருவோம். அது ஃப்ரீ. மெயில் பாக்க, டைப் பண்ண தாராளமா போதும்."

"விண்டோஸ்னா இன்னா பண்ணும்?"

"அதுதான் சார் ஆபரேட்டிங் சிஸ்டம். உள்ள இருக்கும்."

"தொட்டுப் பாக்க முடியுமா?"

"முடியாது சார்."

தொட முடியாது, மடிக்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. அந்தப் பொருளுக்குக் காசா? யாருக்குக் காது குத்துகிறார்கள்? "விண்டோஸ எடுத்துடுங்க" என்றேன். கறிக்கடையில் கொழுப்பை எடுத்துவிடச் சொல்வதுபோல.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் சார். இந்த மாடல்ல லினக்ஸ் போட்டா கேமரா மட்டும் தகராறு பண்ணும். சரி பண்ணலாம், ஆனா தெரிஞ்சவங்க உக்காந்து பண்ணணும். உங்களுக்குத்தான் கேமரா..."

இந்த இடத்தில் மூளை உள்ள மனிதன் நின்றிருப்பான். நான் மண்டியில் பழகியவன் அல்லவா? கம்மி விலைத் தோலை எடுக்கப் போனால், "அது வேணாம்பா, கிழிஞ்சிடும்" என்று சொல்லி ஜாஸ்தி விலைத் தோலை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இது அந்த வேலைதான் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டேன். "எனக்குக் கேமரா தேவையில்லை" என்று இரண்டாவது முறையாக, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். நாளைக்குத் தகராறு வரக்கூடாது என்று அந்தப் பெண் பில்லின் ஓரத்தில் 'கேமரா தேவையில்லை என்று வாடிக்கையாளர் கூறினார்' என்று எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நான் சந்தோஷமாகப் போட்டேன்.

வீட்டில் டெலிபோன் லைனோடு இன்டர்நெட் இருந்தது. கடையில் சொல்லிக் கொடுத்தபடி ஒயரைச் சொருகினேன், வேலை செய்தது. சனிக்கிழமை நெல்சனை அழைத்துப் பார்த்தேன். குரல் கணீரென்று கேட்டது. கேமராவையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனபோது அம்மா பாய்ந்து வந்தார்.

"பெரியவங்க வந்து ஜெபம் பண்றதுக்கு முன்னாடி அந்தத் தம்பி நம்ம வீட்ட பாக்கக் கூடாது!" என்று சொல்லி, மருந்து டப்பாவிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, கத்தரித்து, கேமராவின் மேல் ஒட்டிவிட்டார். முப்பத்தைந்து வருடம் காயம் கட்டிய கை. ஓரம்கூட எழும்பவில்லை.

ஞாயிறு மதியம் நெல்சனின் அப்பா அருளப்பன் அங்கிளும் அவர் மனைவியும் வந்தார்கள். அங்கிள் வாணியம்பாடியில் ஒரு பெரிய கம்பெனிக்கு முப்பது வருடம் தோல் கொள்முதல் பார்த்தவர். நம்ம லைன் ஆள் ஆயிற்றே, பேச விஷயம் இருக்கும் என்று நான் மகிழ்ந்தேன். அவரோ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"தெரு ரொம்ப குறுகல் தம்பி. கார் திரும்பாது." உள்ளே வந்து உட்கார்ந்தார். "மேக்க பாத்த வீடு. வெயிலு ஜாஸ்தி." மேலே பார்த்தார். "ஃபேன் சத்தம் போடுது." பஜ்ஜியைக் கடித்தார். "எண்ணெ ஜாஸ்தி." காபியைக் குடித்தார். "சக்கர கம்மி." அம்மாவின் முகம் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிடி சுருங்கிக்கொண்டே வந்தது. பியூலா உள் அறையில் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

நெல்சனை லைனில் பிடித்தோம். அங்கிள் ஜெபத்தை ஆரம்பித்தார். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆரம்பித்தார். அயர்லாந்திலிருந்து நெல்சன் இரண்டு முறை முன்கூட்டியே ஆமென் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஒருவழியாக ஜெபம் முடிந்ததும் அம்மா பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் உரித்தார். நான் கேமராவை ஆன் செய்தேன். திரையில் நெல்சன் டை கட்டி, தலையைப் படிய வாரி, அழகாக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார். இன்னும் சாய்த்தார்.

"பிரதர்... எல்லாரும் தலகீழா இருக்கீங்க."

அப்போதுதான் திரையின் மூலையில் நாங்கள் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். ஃபேன் தரையில் சுற்றிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் இருவரும் காபி டம்ளரோடு கூரையிலிருந்து தொங்கினார்கள். ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை.

நான் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். தோலைத் திருப்புவதுபோல லேப்டாப்பைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி மார்போடு பிடித்துக்கொண்டேன். "இப்ப சரியாய்டுச்சு பிரதர்!" என்று நெல்சன் கத்தினார். ஆனால் இப்போது எங்களுக்கு நெல்சன் தலைகீழாகிவிட்டார். டை மூக்குக்கு மேலே போனது. "ஐயோ, எம்புள்ள!" என்றார் அவர் அம்மா. நல்ல மனிதரான நெல்சன் உடனே உதவி செய்வதாக நினைத்துத் தன் லேப்டாப்பையும் கவிழ்த்தார். எங்களுக்கு அவர் நேரானார். அவருக்கு நாங்கள் மறுபடியும் கூரைக்குப் போய்விட்டோம்.

"வாரண்டி இருக்கும், பில்ல எடு" என்று சொல்லிக்கொண்டே அம்மா பையைத் துழாவி, பில்லைக் கண்டுபிடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். "கேமரா தேவையில்லை என்று வாடிக்கையாளர் கூறினார்." அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சாமு, கையெழுத்து உன்னுதுதானே?"

அப்போது உள் அறைத் திரையை விலக்கிக்கொண்டு பியூலா வந்தாள். அவளை இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காபித் தட்டோடு வரவேண்டும் என்று ஏற்பாடு. அவள் வெறுங்கையோடு வந்து, என் மார்பிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கினாள்.

"அண்ணா, நீ எப்படித் திருப்புனாலும் ஒருத்தர் நேரா இருந்தா இன்னொருத்தர் தலகீழாத்தான் இருப்பாங்க. சயின்ஸ்ல லைட் பாடம் படிச்சிருந்தா தெரியும்" என்றாள். லேப்டாப்பை மேஜையில் நேராக வைத்து முன்னால் உட்கார்ந்தாள். "உங்க லேப்டாப்ப நேரா வைங்க. நான் உங்கள நேரா பாக்கணும். நீங்க என்னை எப்படி வேணா பாத்துக்கோங்க."

நெல்சன் சிரித்தார். "பரவால்லைங்க. நைட் டியூட்டி முடிச்சிட்டு தூங்காம உக்காந்துருக்கேன். எனக்கே எது நேரு எது தலகீழுன்னு தெரியல." அதன் பிறகு இருவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நாங்களும் அந்த அறையில் இருப்பதாகவே அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை.

அங்கிள் மட்டும் சும்மா இருக்கவில்லை. "குடியாத்தம் தெனமும் போய் வர்றது தூரம்." ஐந்து நிமிடம் கழித்து, "சம்பளம் கம்மி." பியூலா எழுந்து நின்றதும், "உயரம் கம்மி." கடைசியாக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தக் கறுப்பு மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கீறல் இல்லாத மூடி. அதைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. என் சாமர்த்தியத்தால் என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. (வந்தது என்ன, அழுதேன்.) பியூலா மட்டும் தட்டில் மிச்சமிருந்த பஜ்ஜிகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னால எப்படிடி சாப்பிட முடியுது?" என்றார் அம்மா. "எல்லாத்தையும் குறை சொல்லிட்டு போய்ட்டாரே!"

"ஒம்போது" என்றாள் பியூலா.

"இன்னாது ஒம்போது?"

"ஒம்போது குறை. திரைக்குப் பின்னாடியிலிருந்தே எண்ணிக்கிட்டிருந்தேன். அண்ணா வாரம் ரெண்டு வாட்டி சோத்தோட ஊட்டுச்சே, அதுகூட மறந்துடுச்சா? முன்னாடி வந்த மூணு பேரும் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டு போய்ட்டாங்க. இவரு முப்பது வருஷம் கொள்முதல் பாத்தவரு. வேணாம்னா எதுக்கு மெனக்கெட்டு ஒம்போது குறை சொல்றாரு?" கடைசிப் பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டு, "நான் இன்னா தோலான்னு கேக்கணும்தான். கல்யாணம் ஆவட்டும், கேக்கறேன்" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. அங்கிள்தான்.

"தம்பி, கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட உங்க சர்ச்சு எந்த நாளு காலியா இருக்குன்னு பாஸ்டர் ஐயரக் கேட்டுச் சொல்லுங்க. பையன் ஒத்தக்கால்ல நிக்கறான். அப்புறம், அந்த லேப்டாப்ப கடையில திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏன் அங்கிள், அதுல நீங்க ஏதாவது குறை பாத்தீங்களா?"

"சேச்சே, குறையே இல்ல தம்பி. அது ரொம்ப நல்லாருக்கு."

கடையில் திருப்பி எடுக்கவில்லை. பில்லில் என் கையெழுத்து இருந்ததே. சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, கல்யாணம் முடிந்து, பியூலா அயர்லாந்துக்குப் போன பிறகும் அந்த லேப்டாப்பை வைத்துத்தான் பேசினோம். அதற்குள் நசீரின் மச்சான் ஒருவர் வந்து கேமராவை நேராக்கிக் கொடுத்திருந்தார். அவருக்கு அது பத்து நிமிட வேலையாக இருந்தது.

அங்கே பியூலாவுக்குப் பெண் பிறந்தபோது, அங்கிளும் ஆன்ட்டியும் குழந்தையை லேப்டாப்பில் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர் பஜ்ஜியைத் தொடக்கூட இல்லை. பியூலா துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினாள். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"மூக்கு சப்ப" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "முடி கம்மி. அழுக ஜாஸ்தி."

அந்தப் பக்கத்திலிருந்து பியூலா கேட்டாள். "மூணுதானா மாமா?"

"இரும்மா" என்றார் அங்கிள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் பாத்து முடியல."